ஊரோடு ஒத்துத் தூக்கிய கை

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து கை தூக்கிவிட்டேன். ஊரோடு ஒத்து வாழ்வதுதானே முறை? தனித்து நிற்பது வீம்பு ஆகாதா?
- வாசகர் ஒருவர், சென்னை

பதில்: வீம்பில்லாமலும் தனித்து நிற்கலாம். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் பாடப்படும்போது மற்றவர்களைப் போலவே எழுந்து மரியாதையாக நிற்பார்கள். தங்கள் மத நம்பிக்கை இடங்கொடுக்காததால் வாய் திறந்து பாட மாட்டார்கள். முன்பு அதே பள்ளியில் படித்த அவர்களுடைய அக்காமார்களும் அப்படித்தான் நின்றார்கள். ஒருவரும் அதைக் குற்றமாகக் கருதவில்லை. 1985 ஜூலையில் அது ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கண்ணில் பட்டது, விவகாரமாயிற்று. விசாரித்த குழு, பிள்ளைகள் எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்றே அறிக்கை தந்தது. அப்படியிருந்தும் கல்வித்துறை அதிகாரியின் உத்தரவுப்படி தலைமையாசிரியை அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கினார். உயர் நீதிமன்றமும் கைவிட்ட பிறகு, 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சின்னப்ப ரெட்டி, பாடியே தீர வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்து, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்.

இந்த வழக்கில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருபவர் அந்தத் தலைமையாசிரியைதான். அரசு முடிவெடுக்கும்வரையாவது வகுப்பில் உட்கார விடுங்கள் என்று பிள்ளைகளின் தகப்பனார் கேட்டபோது, தம்மால் இயலாது என்று அவர் கையை விரித்துவிட்டார். அவரை நான் வில்லியாகப் பார்க்கவில்லை. மேலிடத்து உத்தரவு அவர் கழுத்தில் இருந்தது. உங்கள் கழுத்தில் என்ன இருந்தது? பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்ற தயக்கம்தானே?

குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணத்தைத் தேதி தவறாமல் கட்டுவது, கூட்டத்துக்கு வருவது, இரவில் சத்தம் போடாமல் இருப்பது ஆகியவற்றை ஊர் உங்களிடம் கேட்கலாம். நீங்களும் கொடுத்தாக வேண்டும். ஒப்புதல் இல்லாத இடத்தில் ஒப்புதலைக் கேட்க அதற்கு உரிமையில்லை. அந்தப் பிள்ளைகள் பாடாததால் யாருக்கும் நஷ்டமில்லை. நீங்கள் கை தூக்கியதில், பாத்திரம் துலக்க வருகிற ஒரு பெண் தினமும் மூட்டு வலியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கலாம். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யக் கோருங்கள். தோற்றாலும், உங்கள் மறுப்பை நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவு செய்யும்படி செயலாளரிடம் கேளுங்கள்.