முதல் தவணையிலேயே தளர்ந்துபோன ஆசிரியர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கொழும்பு வடக்கிலுள்ள ஒரு கலவன் பாடசாலையில் இடைநிலைப் பிரிவின் பகுதித் தலைவியாகக் கடமையாற்றுகிறேன். வருடாந்த இடமாற்றத்தில் எமது பிரிவிலிருந்து ஆறு பேர் சென்றார்கள். பதிலுக்கு வந்தவர்கள் நால்வர். நேரசூசி பெப்ரவரி நடுப்பகுதி வரை மாறிக்கொண்டே இருந்தது. அதன்பின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சிகள் தொடங்கிவிட்டன. புதிதாக வந்த இரு ஆசிரியைகள் முற்றாகச் சோர்ந்துவிட்டார்கள். அவர்களுள் ஒருவர் தரம் 8 வகுப்புக்குப் போகும் முன்னர் கண்கலங்குவதை நானே பார்த்தேன். மன அழுத்த முகாமைத்துவம் பற்றி ஒரு சனிக்கிழமை செயலமர்வு நடத்தலாம் என்று அதிபர் கூறுகிறார். அது உதவுமா?
– பகுதித் தலைவி, கொட்டாஞ்சேனை

பதில்: அந்தச் செயலமர்வை இப்போதைக்குத் தள்ளிவைக்குமாறு அதிபரிடம் பணிவாகக் கேளுங்கள். ஐந்து நாள் களைத்துப்போனவரை ஆறாவது நாளும் மண்டபத்துக்கு அழைத்து, ஓய்வு எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதில் பயன் அதிகம் இருக்காது. அவ்வாசிரியைக்கு இப்போது தேவைப்படுவது அறிவுரை அன்று. அவர் தலைமீதுள்ள சுமையில் ஒரு பகுதியை யாராவது இறக்கிவைப்பதுதான்.

முதலில் அவரோடு தனியே இருபது நிமிடங்கள் அமர்ந்து, வாரத்தில் எந்தப் பாடவேளை மிகவும் கடினமாக இருக்கிறது என்று கேளுங்கள். ‘எல்லாமே கஷ்டம்’ என்றுதான் தொடங்குவார். நேரசூசியை எடுத்து முன்னால் வைத்துக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு மூன்று பாடவேளைகளில் விரல் வந்து நிற்கும். உதாரணமாக, செவ்வாய்க்கிழமை ஏழாம் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். மைதானத்திலிருந்து பிள்ளைகள் வியர்வையோடு பத்து நிமிடம் பிந்தி வருகிறார்கள். பாதிப் பேர் தண்ணீர்ப் போத்தலைத் தேடுகிறார்கள். கொப்பி திறக்கப்படுவதற்குள் ஆசிரியையின் தொண்டை கட்டிவிடுகிறது. இது அவருடைய திறமைக் குறைவு அன்று, நேரசூசியின் கோளாறு. அந்தப் பாடவேளையைக் காலை வேளையொன்றோடு மாற்றிக் கொடுப்பது தங்கள் கையில் இருக்கிறது. மாற்ற வழியில்லை என்றால், இரண்டு வாரங்களுக்கு அந்த முதல் பத்து நிமிடத்தில் தாங்களே வகுப்பு வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். கரும்பலகையில் ஒரு சிறு எழுத்து வேலை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கட்டும்.

இவ்வளவு சிறிய விடயமா என்று தோன்றலாம். வகுப்பறை ஒழுங்கை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் ஆசிரியர் பயிற்சியில் எடுத்துச் சொல்லப்படுகின்றன. குழப்பம் நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில் நல்ல வகுப்புக்கும் குழம்பிய வகுப்புக்கும் இடையே பெரிய வேறுபாட்டை அவர் காணவில்லை. வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர் அறிந்திருப்பதும், ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் தடுமாற்றமின்றிப் பிள்ளைகளைக் கொண்டுசெல்வதுமே வேறுபாட்டை உண்டாக்கின. ஆகவே, ‘இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்’ என்று ஓய்வறையில் சொல்லப்படும் அறிவுரையைவிடத் தொடக்கத்தையும் இடைமாற்றங்களையும் சீர்செய்ய உதவுவதே மேல். மூத்தவர் எவரேனும் பிரம்பை நினைவூட்டினால், கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்திருப்பதைத் தாங்கள் நினைவூட்டுங்கள்.

அடுத்தது, பொறுப்புகள். வந்து ஒரு மாதமும் ஆகாதவருக்கு இல்லப் பொறுப்பு, அறிவித்தல் பலகை, காலைக் கூட்டம், போதாக்குறைக்குப் பிறர் எவரும் விரும்பாத வகுப்பு என்று எல்லாவற்றையும் கட்டிவிடுவது நம் பாடசாலைகளில் எழுதப்படாத சட்டம். வெட்கப்பட வேண்டிய சட்டமும்கூட. இத்தவணை முடியும் வரையேனும் அவற்றுள் இரண்டை வேறொருவருக்கு மாற்றுங்கள். வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்குப் போகும் முறையிலிருந்தும் சில வாரங்கள் விலக்களியுங்கள். அப்படிக் கிடைக்கும் பாடவேளையில், அதே தரம் 8 வகுப்பில் வேறொருவர் கற்பிப்பதைப் பின்வாங்கில் அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தன்னிடம் அடங்காத அதே பிள்ளைகள் இன்னொருவரிடம் எப்போது அடங்குகிறார்கள், அவரிடமும் எப்போது அடங்கவில்லை என்பதைக் கண்ணால் காண்பது பல செயலமர்வுகளுக்கு ஈடாகும். தாங்கள் அவருடைய வகுப்புக்குச் செல்லும்போது மேற்பார்வைப் படிவத்தைக் கொண்டுசெல்லாதீர்கள்.

புதிய ஆசிரியர்களின் மனநிலை ஆண்டு முழுவதும் எப்படி மாறுகிறது என்பதைக் கலிபோர்னியாவில் அவதானித்த எலன் மொயர், எதிர்பார்ப்பு, பிழைத்திருத்தலே பெரும்பாடான காலம், மனமுறிவு, புத்துயிர்ப்பு, திரும்பிப் பார்த்தல் என்று படிநிலைகளை 1990இல் விவரித்தார். அங்கு கோடையின் முடிவில் பாடசாலை தொடங்கும். சில மாதங்களில் மனமுறிவு வந்து, நத்தார் விடுமுறைக்குப் பின்னர் தெளிவு பிறக்கும். நமக்கு அந்த இடைவெளியைத் தருவது சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. அதைக் கருத்தரங்குகளால் நிரப்பிவிடாமல், முதல் வாரத்தையாவது அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: தொடக்கத்தில் பிள்ளைகளோடு மிகவும் இணங்கிப் போனேன். இப்போது யாரும் சொல் கேட்பதில்லை. ஆண்டின் நடுவில் விதிகளை மாற்றினால் கேலி செய்யமாட்டார்களா?
– இளம் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: முதல் வாரம் செய்வார்கள். அதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். ஒரு திங்கட்கிழமையை, அல்லது இரண்டாம் தவணையின் முதல் நாளைத் தேர்ந்தெடுத்து, இருக்கை ஒழுங்கைப் புதிதாக எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள். மூன்று விதிகளுக்கு மேல் வேண்டாம். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது, மணியடித்ததும் கொப்பி மேசையில் இருக்க வேண்டும், அனுமதியின்றி இடம்விட்டு எழும்பக்கூடாது என்பன போதும். ‘இதுவரை நடந்தது நடந்தது, இனி இப்படித்தான்’ என்று இரண்டு வாக்கியங்களில் அறிவித்துவிட்டு உடனே பாடத்துக்குப் போங்கள். நீண்ட விளக்கமும் கெஞ்சலும் பழைய நிலைக்கே கொண்டுபோய் விடும். அத்தோடு, வகுப்பில் செல்வாக்குள்ள இரண்டு மூன்று பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, அப்பிள்ளைகள் செய்த நல்ல காரியம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பாடசாலையிலிருந்து அழைப்பு என்றாலே முறைப்பாடு என்று பழகிப்போன வீடுகளில் அதன் பலன் தனியானது.

கேள்வி: என் மனைவி ஆசிரியை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு வார்த்தை பேசமாட்டார், ஞாயிறு மாலையானால் வயிற்று வலி, இரவில் தூக்கமில்லை. வேலையை விட்டுவிடச் சொல்லலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: விடுமுறைக்கு முன்னர் அந்த முடிவை எடுக்க வேண்டாம். தூக்கமின்மையும் மனச்சோர்வும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், களைப்பு என்று விட்டுவிடாமல் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம். நிறுவகத்தின் பெயரைக் கேட்டதும் ‘அங்கொடையா?’ என்று, அங்கிருந்த பழைய மனநோய் மருத்துவமனையை நினைத்து முகம் சுளிக்கும் உறவினர்கள் இருப்பார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் தங்களுக்கு இல்லை. வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணித்தியாலம் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதியும் நாட்களில், விடைத்தாள்களின் புள்ளிகளைத் தாங்கள் வாசிக்க அவர் எழுதினால், அந்த வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும்.