சான்றிதழில் மட்டும் இருந்த பல்கலைக்கழகம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் புளி வியாபாரம் செய்கிறேன். 1988-ல் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்தேன். என் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை. இப்போது என் மகள் அதே கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அவளுக்குப் பெரியார் பல்கலைக்கழகப் பட்டம் வரும். லீவு விட்டால் ஊர் ஊராகப் போய், செத்த வீரர்களுக்கு நட்ட நடுகல்லைப் படம் பிடித்து நோட்டில் ஒட்டி வைக்கிறாள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் போய்த் தொல்லியல் எம்.ஏ. படிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சொந்தக்காரர்களோ, "பேருதான் பழசு, அங்கே சம்பளம் கொடுக்கவே பணமில்லையாம், பெங்களூரில் எம்.பி.ஏ. சேர்த்துவிடு" என்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் உண்மையில் என்ன இருக்கிறது? தருமபுரியில் படித்த எனக்குச் சென்னை எப்படிப் பட்டம் கொடுத்தது? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டாவது கேள்விதான். ஏனென்றால் என் கதையும் அதுவே. நானும் அதே தருமபுரிக் கல்லூரிதான், உங்களுக்குச் சில வருடம் மூத்தவன். பட்டம் தபாலில் வந்தது. தடித்த தாள், மேலே முத்திரை. அப்பா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நிலப்பத்திரத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். யாராவது வீட்டுக்கு வந்தால் எடுத்துக் காட்டுவார். "மெட்ராஸ் யுனிவர்சிட்டி" என்று அவர் சொல்லும்போது, பையன் அங்கேயே தங்கிப் படித்துவிட்டு வந்தவன் மாதிரி இருக்கும். நானோ அந்தக் கட்டடத்தை முதலில் பார்த்தது 24 வயதில். வேலைக்கான பரீட்சை ஒன்று எழுதச் சென்னைக்குப் போனபோது, கடற்கரைச் சாலையில் போன பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நமக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் பிறந்ததே அப்படித்தான். 1857 செப்டம்பர் 5-ல் சட்டம் போட்டு அதை உண்டாக்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும். அவ்வளவுதான் வேலை. அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். படித்தது வட்டுக்கோட்டை செமினரியில். சென்னை அவருக்குப் பரீட்சை வைத்தது, அவர் தேறினார். பின்னால் கலித்தொகையை முதலில் அச்சேற்றிய அதே தாமோதரம் பிள்ளைதான். நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் ராஜாஜி. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்தார். 1916-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் வரும்வரை பெங்களூர்க் கல்லூரிக்கும் பட்டம் கொடுத்தது சென்னைதான். உங்கள் சொந்தக்காரர்கள் பெங்களூரைச் சொல்வதால் இதைச் சொல்கிறேன்.

அவ்வளவு பெரிய பரப்பு அதற்கு இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 1926-ல் ஆந்திரா, 1929-ல் அண்ணாமலை, 1966-ல் மதுரை, 1982-ல் பாரதியாரும் பாரதிதாசனும். நம் சேலம், தருமபுரிக் கல்லூரிகள் அதற்குப் பிறகும் சென்னையோடு இருந்தன. 1997-ல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியதும் நாமும் அங்கே போனோம். அப்பாவுக்கு ஒரு முத்திரை, மகளுக்கு இன்னொரு முத்திரை என்றானது இப்படித்தான். ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? நம் ஊர்களில் சந்துக்குச் சந்து தொங்கும் "மெட்ரிகுலேஷன் பள்ளி" பலகை இருக்கிறதே, அந்த வார்த்தையும் அங்கிருந்து வந்ததுதான். மெட்ரிகுலேஷன் என்பது முதலில் பல்கலைக்கழகம் வைத்த நுழைவுத் தேர்வு.

இந்தக் கதையை இன்னும் பின்னால் பிடித்துக்கொண்டு போனால் அது நம் ஊருக்கே வந்து சேர்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை பாராமகாலில், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், நிலவரி வேலை பார்த்தவர். தருமபுரியில் குடியிருந்தவர். அவரே பிறகு கவர்னராகி, 1822-ல் மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். அதை வைத்து 1826-ல் அரசாங்கமே கல்விக்குப் பணம் ஒதுக்கவேண்டும் என்று எழுதினார். மறு வருடம் காலராவில் இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த தாலுகாப் பள்ளிகள் பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிடவில்லை. 1839 நவம்பரில் 70,000 பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று கவர்னர் எல்பின்ஸ்டன் கைக்குப் போனது. எங்களுக்கு ஒரு உயர்கல்விச் சாலை வேண்டும் என்று கேட்ட மனு. அந்தக் காலத்தில், தபாலும் ரயிலும் இல்லாத ஊர்களில், 70,000 கையெழுத்து! அதிலிருந்து முதலில் வந்தது பின்னாளில் மாநிலக் கல்லூரியான பள்ளி. அப்புறம் 1857.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். அங்கே என்ன இருக்கிறது?

நீங்களும் நானும் பார்த்தது முத்திரையை. உள்ளே இன்னொரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பரீட்சை வைப்பது மட்டும் போதாது, ஆராய்ச்சி நடக்கவேண்டும், சொந்தமாகத் துறைகள் வேண்டும் என்று 1904-ல் வந்த பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகு கதவு திறந்தது. 1914-ல் இந்திய வரலாறும் தொல்லியலும் கொண்ட துறை வந்தது. முதல் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார். அதாவது, உங்கள் மகள் கேட்கும் பாடம் அந்தப் பல்கலைக்கழகம் முதன்முதலில் தானே சொல்லித்தர எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று. இதைச் சொந்தக்காரர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பொருளாதாரத்துக்கு கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். இங்கிலாந்துக்காரர். அவர் மாணவர்களிடம் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரையே கணக்கெடுத்து வாருங்கள், யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று. அப்படித்தான் இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி போன்ற ஊர்களின் கணக்கு நமக்குக் கிடைத்தது. இருபது வருடம் கழித்து அதே ஊர்களுக்குத் திரும்பவும் போய், என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். லீவில் நடுகல் தேடிப் போகும் பெண்ணை நினைத்தால் எனக்கு அந்த மாணவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

இன்று துறைகள் நாலு இடங்களில் பரவிக் கிடக்கின்றன. சேப்பாக்கத்தில் வரலாறு, தத்துவம், பொருளாதாரம் போன்றவையும், ராமானுஜன் பெயரில் உள்ள கணித நிறுவனமும். ராமானுஜன் எஃப்.ஏ. என்ற, பட்டப்படிப்புக்கு முந்தைய தேர்வில் இரண்டு முறை தவறியவர். பட்டம் இல்லை. இருந்தும் விதியைத் தளர்த்தி, 1913-ல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து ஆராய்ச்சி மாணவராக எடுத்துக்கொண்டது இதே பல்கலைக்கழகம். மெரினா வளாகத்தில் மொழித்துறைகள். தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது, அரபு எல்லாம். கிண்டியில் அறிவியல். 1952-ல் அங்கே இயற்பியல் துறைக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன் இரண்டே வருடத்தில், தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதம் முப்புரிக் கயிறுபோல முறுக்கியிருக்கிறது என்று காட்டினார். 1963-ல் அவர் குழு போட்ட வரைபடத்தை உலகம் முழுக்கப் புரத ஆய்வில் அவர் பெயரிலேயே இன்றும் பயன்படுத்துகிறார்கள். தரமணியில் அடிப்படை மருத்துவ அறிவியல். அது 1942 முதல் 1969 வரை 27 வருடம் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் பெயரில் இருக்கிறது.

ஆனால் உங்கள் மகளுக்கு நான் காட்ட விரும்புவது நூலகத்தை. 1924-ல் எஸ்.ஆர். ரங்கநாதன் என்ற கணித ஆசிரியர் அங்கே நூலகராகப் போனார். புத்தகத்தைப் பூட்டி வைத்துக் கேட்டால் எடுத்துக் கொடுப்பதுதான் அன்றைய வழக்கம். அவர் அலமாரிகளைத் திறந்துவிட்டார், வாசகரே நடந்துபோய் எடுக்கட்டும் என்று. புத்தகங்களை எப்படிப் பிரித்து அடுக்குவது என்று அவர் அங்கே யோசித்து 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையை இன்றைக்கும் நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். கடலைப் பார்த்த இன்றைய கட்டடம் 1936-ல் திறந்தது.

நான் அதற்குள் போன நாளைச் சொல்கிறேன். அம்மா ஊரில், ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஒரு வேடியப்பன் இருக்கிறார். நம் பக்கத்தில் நடுகல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம் என்பது உங்கள் மகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இடது கையில் வில், வலது கையில் வாள், காலடியில் சின்னதாக ஒரு மாடு. எத்தனையோ வருடத்து எண்ணெயும் மஞ்சளும் ஏறி, எழுத்தெல்லாம் அடைந்துபோயிருந்தது. தெரிந்த ஒருவரை அழைத்துப்போய், பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தோம். வட்டெழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வகை. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். "தொறு மீட்டுப் பட்டான்" என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். தொறு என்றால் என்ன என்று கேட்டேன். "போய்த் தேடு" என்றார்.

அடுத்த முறை சென்னை போனபோது அதற்காகவே அந்த நூலகத்துக்குப் போனேன். தமிழ்ப் பேரகராதியைக் கேட்டேன். அதுவும் அந்தப் பல்கலைக்கழகம் செய்ததுதான். 1913-ல் சான்ட்லர் என்ற பாதிரியார் வேலையைத் தொடங்கினார், 1926-ல் வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார், 1936-ல் ஆறு தொகுதிகள் முடிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். கனமான தொகுதி. மேசையில் விரித்து, பொடி எழுத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். தொறு: கூட்டம், பசுக்கூட்டம். எதிரி ஓட்டிக்கொண்டு போன மாட்டுமந்தையை மீட்கப் போய்ச் செத்தவன்தான் எங்கள் அம்மா ஊர்ச் சாமி. சின்ன வயதிலிருந்து அவர் முன்னால் பொங்கல் வைத்துத் தின்றவன் நான். அன்றைக்குத்தான் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது, டிரங்குப் பெட்டியில் இருந்த தாள் எனக்கு உண்மையில் கொடுத்திருக்கவேண்டியது இதைத்தான் என்று தோன்றியது. நாற்பது வயதில் கிடைத்தது. உங்கள் மகளுக்கு இருபத்தொன்றில் கிடைக்கட்டுமே.

சொந்தக்காரர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மறைக்க மாட்டேன். பணத்தட்டுப்பாடு நிஜம். 2024 தொடக்கத்தில் வருமானவரித் துறை வங்கிக் கணக்குகளை முடக்கி, சம்பளமும் ஓய்வூதியமும் தடுமாறின. துணைவேந்தர் இல்லாமல் நீண்ட காலம் ஓடியது. ஆசிரியர் இடங்கள் நிறைய காலி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. 70,000 பேர் கேட்டு வாங்கிய இடம் அது. ஆனால் அதற்காக நம் பிள்ளைகள் போகாமல் இருந்தால், துறையில் ஆளில்லை என்று ஒரு நாள் மூடுவதற்கு நாமே காரணம் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். எம்.பி.ஏ. மோசம் என்று சொல்லவில்லை. நடுகல் படம் ஒட்டி நோட்டு வைத்திருக்கும் பெண்ணுக்கு அது வேண்டாம். அதுவும் கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் 4,200 ஆண்டு என்று 2022-ல் அறிவித்த பிறகு, நம் மண்ணைப் படிக்க நம் பக்கத்திலிருந்தே ஆட்கள் வரவேண்டும். வட்டெழுத்து வேறு யாரும் படிப்பார்கள். வேடியப்பன் என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு வேலை நாளில் அவளை அழைத்துக்கொண்டு நேரில் போய்வாருங்கள். மொரப்பூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்குங்கள். எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் சேப்பாக்கம். முதலில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறைக்குப் போய், அங்கே படிக்கும் பிள்ளைகளோடு அவளைப் பேசவிடுங்கள், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சேர்க்கை, கட்டணம், விடுதி எல்லாம் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் நூலகம். வரும் வழியில் செனட் ஹவுஸையும் பாருங்கள். சிஷோம் என்பவர் வரைந்து 1879-ல் கட்டி முடித்தது. உங்கள் பட்டத்துக்குரிய இடம் அது, நீங்களும் ஒரு தடவை பார்த்ததாக இருக்கும்.

மகளிடம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அரூர்ப் பக்கத்துக் கற்களில் ஏதாவது ஒன்றிலாவது அவள் "தொறு" படித்திருக்கிறாளா? இருந்தால் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்த ஊர், எந்த மரத்தடி என்று எழுதி.

அன்புடன்.