வாசகர் கேள்வி பதில்: இரவில் வாசித்துக் காட்ட எந்த நாவல்?

கேள்வி: மகளுக்கு வயது 9, மகனுக்கு 6. படுக்கும் முன் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' வாசித்துக் காட்டத் தொடங்கினேன். இரண்டாம் நாளே பாதியில் இருவரும் தூங்கிவிட்டார்கள். வயதுக்கு மீறிய புத்தகமா?
— ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

பதில்: வயதைவிட அத்தியாய நீளம்தான் காரணம். 1908-இல் வந்த அந்த நாவலில் மொத்தமே 12 அத்தியாயங்கள். நிதானமாக வாசித்தால் ஒன்றுக்கு அரை மணி நேரம் போதாது. நடுவில் ஆற்றங்கரை வர்ணனை வேறு. பள்ளியும் டியூஷனும் முடித்து வந்த பிள்ளை தாங்காது. அதைப் பள்ளி விடுமுறைக்கு எடுத்து வையுங்கள்.

இப்போதைக்கு இ. பி. வைட்டின் 'சார்லட்ஸ் வெப்' (1952). 22 அத்தியாயங்கள், சராசரி பத்து நிமிடம். அப்பா கோடரியோடு எங்கே போகிறார் என்று சிறுமி கேட்பதுதான் முதல் வரி. அதைக் கேட்ட பிறகு தூக்கம் எங்கே வரும்?

ஒன்று மட்டும் கவனம். சார்லட் என்ற சிலந்தி 21-ஆம் அத்தியாயத்தின் முடிவில் இறந்துவிடும். அங்கே விளக்கை அணைத்தால் சின்னவன் அழுதுகொண்டுதான் படுப்பான். முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் வருவது 22-இல். இரண்டையும் ஒரே இரவில், மறுநாள் பள்ளி இல்லாத நாளாகப் பார்த்து முடியுங்கள்.

பிள்ளைகள் தாமே படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டு அதிகம் புரிந்துகொள்வார்கள். எனவே பெரியவளை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுங்கள். சின்னவன் கையில் கலர் பென்சில் இருக்கட்டும், வரைந்தபடியே கேட்பான். மகள் தானாகப் படிக்க எடுக்கும் புத்தகத்துக்கு ஐந்து விரல் சோதனை உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்தும் மடங்கினால் அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய 'தி சீக்ரட் கார்டன்' வாங்கினேன். நூலகப் பிரதியின் பருமனில் பாதிகூட இல்லை. ஏன்?
— ஒரு வாசகர், ஜெலுத்தோங்

பதில்: சுருக்கப் பதிப்பாக இருக்கும். தலைப்புப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'அப்ரிட்ஜ்டு' அல்லது 'ரீடோல்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் பொருளடக்கம் காட்டிக்கொடுக்கும்: 1911-இல் வந்த முழு நாவலில் 27 அத்தியாயங்கள். பிள்ளை தானே படிக்கச் சுருக்கம் பரவாயில்லை. வாசித்துக் காட்டினால் சப்பென்றிருக்கும். உரையாடலையும் வெட்டியிருந்தால், குரல் மாற்றிப் பேச இடமே இராது.

முழுப் பதிப்பு கிடைத்தால் 4-ஆம் அத்தியாயத்தை முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். இந்தியாவில் வளர்ந்த வெள்ளைக்காரச் சிறுமி மேரி, அந்த ஊர்க்காரர்கள் மனிதர்களே அல்ல, வேலைக்காரர்கள் என்று கத்துகிறாள். நம் வீட்டுப் பிள்ளை காதில் அது விழத்தான் செய்யும். தாண்டிப் போகாமல் நிறுத்தி, அவளுக்கு அப்படிப் பேச யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். வேலைக்காரப் பெண் மார்த்தாவின் யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சுக்கு மெனக்கெட வேண்டாம். 'தா', 'தீ' என்று வருவதெல்லாம் 'நீ', 'உன்னை' தான்.

கேள்வி: ஆங்கில நாவலை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போகலாமா?
— ஒரு தந்தை, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம். வரிக்கு வரி தடுமாறுவீர்கள். பிள்ளை கதையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். 'குட்டி இளவரசன்' தமிழிலேயே இருக்கிறது. 27 குட்டி அத்தியாயங்கள். கதை சொல்லும் வரிகளை அச்சில் உள்ளபடி வாசியுங்கள், உரையாடலை வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தில் தொப்பி போல ஒரு படம் வரும். அடுத்த படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு 'இது என்ன?' என்று கேளுங்கள். யானையை விழுங்கிய மலைப்பாம்பு என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.