நண்பர்கள் பகிர்வதை வைத்து மட்டும் செய்திகளை வடிகட்ட முடியுமா?

முடியும். இதைச் சுத்தமாகச் செய்த சேவை நஸல். ஃபிரெண்ட்ஸ்டர் என்ற பழைய சமூக வலைத்தளத்தைத் தொடங்கிய ஜோனதன் ஏப்ரம்ஸ் உருவாக்கியது. ட்விட்டரில் நீங்கள் பின்தொடர்பவர்களில் எத்தனை பேர் ஒரே கட்டுரையின் சுட்டியைப் பகிர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி, அதிகம் பேர் பகிர்ந்ததை மேலே காட்டும். அவ்வளவுதான் சூத்திரம். யார் யார் பகிர்ந்தார்கள், என்ன சொல்லிப் பகிர்ந்தார்கள் என்பதும் கூடவே தெரியும். என்னைக் கேட்டால் எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம். பொருளாதாரம் தெரிந்த நண்பர் பட்ஜெட் கட்டுரையைப் படிக்கச் சொன்னால் படிக்கலாம். அவரே மூட்டுவலிக்கு மருந்து அனுப்பினால் யோசிக்க வேண்டும்.

2021-ல், விளம்பரமில்லாமல் செய்தி படிக்க உதவிய ஸ்க்ரோல் நிறுவனத்தை ட்விட்டர் வாங்கியபோது, அதன் கையிலிருந்த நஸல் மூடப்பட்டது. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடரிலும் முன்பு நண்பர்கள் பகிர்ந்ததைப் படிக்க முடிந்தது. 2011-ல் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ்ஸுக்காக அந்த வசதியைத் தூக்கிவிட்டார்கள், 2013-ல் ரீடரையே மூடினார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? ட்விட்டர் மாதிரியான ப்ளூஸ்கை, மாஸ்டடான் தளங்கள் இரண்டுக்கும் சில் என்ற கருவி கிட்டத்தட்ட நஸல் மாதிரியே வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் பின்தொடர்பவர்கள் எல்லோரும் ஒரே துறை, ஒரே கட்சி என்றால் ஒரே செய்திதான் சுற்றிச் சுற்றி வரும். அதனால் முதலில் அந்தப் பட்டியலைக் கலைத்து அடுக்குங்கள். அப்புறம் கருவியைப் பார்க்கலாம்.