திரைக்கு மேலே ஓடிப்போன வரி: வாசகர் கேள்வி-பதில்

சோதனை இயந்திரத்துக்கான சி நிரல். ஒரே ஃபங்ஷன் 600 வரி. கடைசியில் நாலைந்து '}' வரிசையாக நிற்கின்றன. எது எதை மூடுகிறது என்று மேலே போய்ப் பார்த்தால், விட்ட இடம் மறந்துவிடுகிறது. ஈமேக்ஸ் எடிட்டரில் வழி உண்டா?
— பாயான் லெபாஸ் வாசகர்

உண்டு. 2023இல் வந்த ஈமேக்ஸ் 29இல் 'ஷோ-பேரன்-கான்டெக்ஸ்ட்-வென்-ஆஃப்ஸ்கிரீன்' என்றொரு அமைப்பு இருக்கிறது. தானாக இயங்காது, நீங்கள்தான் போட வேண்டும். போட்டபின் கர்சரை '}'-ஐ ஒட்டி வைத்தால், திரைக்கு வெளியே இருக்கும் அதன் ஜோடி வரி கீழே எக்கோ ஏரியாவில் (திரையின் அடியில் செய்திகள் வரும் வரி) தெரியும். '{' தனி வரியில் நின்றால் முந்தைய வரியையும் சேர்த்தே காட்டும். சி எழுதுபவர்களில் பலர் '{'-ஐ அப்படித்தான் போடுகிறார்கள்; வெறும் அடைப்புக்குறியைக் காட்டி என்ன பயன்?

எக்கோ ஏரியாவில் வேறு செய்திகளும் வந்துபோகும். அதனால் இந்த அமைப்பின் மதிப்பை 'ஓவர்லே' என்று வைப்பதே என் விருப்பம். விண்டோவின் மேல் மூலையில் காட்டும். ஃபங்ஷனின் நடுவில் நிற்கும்போது இது உதவாது. அதற்கு 'விச்-ஃபங்ஷன்-மோட்' போட்டுக்கொள்ளுங்கள், ஃபங்ஷன் பெயர் விண்டோவின் அடியில் உள்ள மோட் லைனில் நிற்கும். 600 வரியை உடைத்து எழுதலாமே என்று நான் சொல்லிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் நிரலில் யார் கை வைக்க விடுவார்கள்!

ஐயா, விஎஸ் கோட் எடிட்டரில் பைத்தான் எழுதுகிறேன். மேலே போன வரிகளைத் திரையின் உச்சியில் ஒட்டி வைக்கும் ஸ்டிக்கி ஸ்க்ரோலில் கிளாஸ், ஃபங்ஷன் பெயர்கள் மட்டும் வருகின்றன. 'ஃபார்', 'இஃப்' வரிகள் வருவதில்லை.
— பிரிக்ஃபீல்ட்ஸ் மாணவி

கோளாறு இல்லை. அது முதலில் அவுட்லைனை (நிரலில் உள்ள கிளாஸ், ஃபங்ஷன் போன்றவற்றின் பட்டியல்) பார்த்துத்தான் வரிகளைப் பொறுக்குகிறது. பைத்தான் அவுட்லைனில் 'இஃப்' ஏது? செட்டிங்ஸில் 'ஸ்டிக்கி ஸ்க்ரோல்' என்று தேடி, டீஃபால்ட் மாடலை, வரிகளின் உள்தள்ளலைப் பார்க்கும் இன்டென்டேஷன் மாடலுக்கு மாற்றுங்கள். பைத்தானுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

அப்புறம் இன்னொன்று. அதிகபட்ச வரிகள் 5 என்று இருக்கும். ஆழமான நிரலில் 5 நிரம்பியதும் உள்ளே இருக்கும் வரிகள்தான் விடுபடும், உங்களுக்கு வேண்டியதோ பெரும்பாலும் அவைதான். எண்ணைக் கொஞ்சம் கூட்டுங்கள். சின்ன மடிக்கணினி என்றால் திரையை அது தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டி நிற்கும் வரியைக் கிளிக் செய்தால் அந்த இடத்துக்கே போய்விடலாம்.

சர்வரில் வெறும் விம் எடிட்டர் மட்டுமே. பிளக்இன் போட அனுமதி இல்லை. திரைக்கு மேலே போன வரியைப் பார்க்க என்ன வழி?
— செந்தூல் வாசகர்

சரி, [{ அடியுங்கள். சூழ்ந்திருக்கும் '{'-க்குப் போகும். கன்ட்ரோல்-ஓ அழுத்தினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அடைப்புக்குறி இல்லாத பைத்தானில் மட்டும் இது பலிக்காது.