ஃபிஷ் ஃபைண்டர்ல கப்பல் மாதிரி ஒண்ணு தெரியுது, அடுத்து என்ன செய்யணும்?

மிச்சிகன்ல வேலை பாக்குற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, ஹ்யூரான் ஏரியில அல்பீனா பக்கம் நாங்க நாலு பேர் வாடகை போட் எடுத்துட்டு மீன் பிடிக்கப் போனோம். 90 அடி ஆழத்துல ஃபிஷ் ஃபைண்டர் (ஒலி அலை அனுப்பி தண்ணிக்கு அடியில இருக்குறதைக் காட்டுற கருவி) ஸ்கிரீன்ல நீளமா ஒரு உருவம், அதுக்கு ஒரு பக்கம் கறுப்பா நிழல். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் முழுகின கப்பல்னு குதிக்கிறாங்க. நிஜமாவே கப்பலான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, யார்கிட்ட சொல்லணும், டைவ் அடிச்சு ஏதாவது எடுத்தா நமக்குச் சொந்தமாகுமா?"

கடைசிக் கேள்விக்கு முதல்லயே பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுலதான் ஆளுங்க மாட்டிக்கிறாங்க. சொந்தமாகாது தம்பி. அமெரிக்காவுல கைவிடப்பட்ட கப்பல்களுக்குன்னே 1988ல ஒரு சட்டம் வந்துச்சு, அதுப்படி மாநிலத்தோட நீர்ப்பரப்புக்கு அடியில புதைஞ்சு கிடக்குற கப்பல் அந்த மாநிலத்துக்குத்தான் சொந்தம், மிச்சிகன்ல பர்மிட் இல்லாம ஒரு ஆணியை எடுத்துட்டு வந்தாலும் அது குற்றம். கண்டுபிடிச்சவன் பேரு வேணா நிக்கும், பொருள் நிக்காது.

இப்போ அது கப்பலான்னு பாப்போம். நான் வருஷக்கணக்கா துறைமுகம், ஆத்து முகத்துவாரம்னு சோனார் (உங்க ஃபிஷ் ஃபைண்டர் மாதிரி ஒலியால தேடுற கருவி) இழுத்துட்டுத் திரிஞ்ச ஆளு, ஸ்கிரீன்ல கப்பல் மாதிரி தெரிஞ்சு கடைசியில வேற எதுவோ ஆனது எனக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கு. ஒரு தடவை அழகா 100 அடிக்கு ஒரு படகு, முன்பக்கம் கூரா, நடுவுல ரெண்டு குறுக்குக் கோடு, டீம் மொத்தமும் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடிட்டோம், மறுநாள் கேமரா இறக்கினா தூர் வாருற மெஷினோட பழைய இரும்புக் குழாய்ங்க, யாரோ அடுக்கின மாதிரி விழுந்து கிடக்கு. அந்த டீ காசு இன்னும் உறுத்துது. உங்க ஏரியில குழாய் இல்லேன்னாலும் பனிப்பாறை காலத்துல தள்ளிட்டு வந்து விட்ட பாறைக் குவியல் நிறைய, அதெல்லாம் தூரத்துல இருந்து பாத்தா கப்பல் கணக்காத்தான் தெரியும்.

அதனால ஒரே ஒரு படத்தை நம்பாதீங்க. அதே இடத்துக்கு மேல, முதல்ல போன திசைக்குக் குறுக்கா இன்னொரு தடவை மெதுவா ஓட்டுங்க. பாறையா இருந்தா ரெண்டாவது படத்துல உருவமே மாறிடும். கப்பலா இருந்தா நேர்கோடும் செங்கோணமும் அப்படியே நிக்கும், இயற்கைக்கு செங்கோணம் அவ்வளவு சுலபமா வராது. அப்புறம் அந்தக் கறுப்பு நிழல்தான் உங்களுக்கு ஸ்கேல். போட்ல இருந்து நிழல் முடியுற இடம் வரைக்கும் தூரம் எவ்வளவு, நிழலோட நீளம் எவ்வளவுன்னு ஸ்கிரீன்லயே அளந்துக்கோங்க. நிழல் நீளத்தை அந்த மொத்த தூரத்தால வகுத்து ஆழத்தால பெருக்கினா உயரம் வந்துடும். உதாரணத்துக்கு ஆழம் 90 அடி, நிழல் முடியுற இடம் 150 அடி, நிழல் மட்டும் 25 அடின்னா, அந்தப் பொருள் தரையில இருந்து 15 அடி உயரம். 15 அடி உயரத்துல, நீளமா, ரெண்டு பக்கமும் இணையா போற ஒரு பாறையை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. ஒண்ணு மறக்காதீங்க, ஜிபிஎஸ் காட்டுறது உங்க போட் இருக்குற இடம், உருவம் அதுக்குப் பக்கவாட்டுல தள்ளி இருக்கு, அதனால கர்சரை உருவத்து மேல வச்சு மார்க் பண்ணி ரெக்கார்டிங்கையும் சேவ் பண்ணிக்கோங்க, ஸ்கிரீனை போன்ல போட்டோ எடுத்தது எதுக்கும் உதவாது.

கப்பல்தான்னு ஆனாலும் புதுசான்னு ஒரு கேள்வி இருக்கு, இங்க கொஞ்சம் ஏமாத்தம் தர்ற விஷயம் சொல்லணும். அல்பீனாவுக்கு முன்னாடி இருக்குற தண்டர் பே சரணாலயம், அதாவது முழுகின கப்பல்களைப் பாதுகாக்குற நீர்ப்பரப்பு, 4,300 சதுர மைல், அதுல ஏற்கெனவே கிட்டத்தட்ட 100 கப்பல் தெரிஞ்சு பட்டியல்ல இருக்கு. 90 அடிங்குறது சாதாரண டைவர் போற ஆழம், அங்க கிடக்குறது யார் கண்ணுலயும் படாம இருக்க வாய்ப்பு கம்மிதான். பட்டியலோட முதல்ல ஒத்துப் பாருங்க. ஆழம் 300, 400 அடின்னு சொல்லியிருந்தா எனக்கே கை பரபரன்னு இருந்திருக்கும்.

ஆனா வெளியாள் ஒருத்தர் ஸ்கிரீன்ல ஒரு புள்ளியைப் பாத்து பெரிய கதை வெளிய வந்தது நிஜமாவே நடந்திருக்கு. சுப்பீரியர் ஏரியில டான் ஃபவுண்டன்னு ஒருத்தர், பத்து வருஷம் போல ரிமோட் சென்சிங் தகவலை (தூரத்துல இருந்தே கருவியால எடுத்ததை) எல்லாம் தோண்டிப் பாத்துட்டே இருந்தவர், ரொம்ப ஆழத்துல ஒரு இடம் மட்டும் ஒட்டாம நிக்குதேன்னு கிரேட் லேக்ஸ் கப்பல் வரலாற்றுச் சங்கத்துக்கு போன் போட்டார். 2023ல அவங்க படகை எடுத்துட்டுப் போய் சைடு ஸ்கேன் (பக்கவாட்டுல ஒலி அனுப்பி அடித்தரையைப் படமாக்குற சோனார்) இழுத்தாங்க, அப்புறம் ரோபோ கேமராவை இறக்கினாங்க, 650 அடிக்குக் கீழ கிடந்தது ஆர்லிங்டன்.

இந்த ஆர்லிங்டன் 244 அடி சரக்குக் கப்பல். 1940 ஏப்ரல் 30, கனடாவோட போர்ட் ஆர்தர்ல கோதுமையை நிரப்பிக்கிட்டு ஓவன் சவுண்டுக்குக் கிளம்புது. (போர்ட் ஆர்தர் இப்போ கனடா தண்டர் பே நகரத்துல சேந்துடுச்சு, உங்க அல்பீனா தண்டர் பே வேற, கூகுள்ல தேடும்போது குழம்பாதீங்க.) காலிங்வுட்னு இன்னொரு பெரிய சரக்குக் கப்பலும் அதே வழியில கூடவே போகுது. முதல்ல மூடுபனி, ராத்திரியானதும் புயல், ரெண்டு கப்பலையும் போட்டு அடிக்குது, ஆர்லிங்டன்ல தண்ணி ஏற ஆரம்பிச்சுது. முதல் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) வடக்குக் கரையை ஒட்டி ஓட்டச் சொல்றார், கரை ஓரம் அலை கொஞ்சம் அடங்கி இருக்கும்னு. கேப்டன் ஃபிரெடரிக் பர்க், ஏரியில எல்லாரும் டேட்டி பக்னு கூப்பிடுற அனுபவஸ்தர், அதை மாத்தி நடு ஏரி வழியாவே போகச் சொல்லிட்டார். மே 1 விடியக்காலை நாலரை மணி போல தலைமை இன்ஜினியர் கப்பல் முழுகுதுன்னு அலாரம் அடிக்க, கேப்டன் உத்தரவு எதுவும் வராததால ஆளுங்க தாங்களா லைஃப் போட்டை இறக்கி காலிங்வுட்டுக்குத் தப்பிச்சுட்டாங்க. கேப்டனைத் தவிர எல்லாரும் பொழைச்சாங்க. அவர் மட்டும் பைலட் ஹவுஸ் (கப்பலை ஓட்டுற அறை) பக்கத்துல நின்னு காலிங்வுட்டைப் பாத்து கை ஆட்டுறதைப் பாத்திருக்காங்க, சில நிமிஷத்துல கப்பலோட போயிட்டார். ஏன் இறங்கலைன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. கப்பல் கிடைச்சுது, அந்தப் பதில் கிடைக்கல. கேப்டன் கப்பலோட போகணும்னு வீரக் கதை கட்டுறவங்களை நான் நம்ப மாட்டேன், கை ஆட்டினது போயிட்டு வர்றேன்னா, வாங்கன்னு கூப்பிட்டாரான்னு யார் சொல்றது?

இன்னொண்ணு உங்க ஏரியாவுலயே நடந்தது, அயர்ன்டன்னு 191 அடி பாய்மரப் பார்ஜ், அதாவது வேற கப்பல் இழுத்துட்டுப் போற சரக்குக் கப்பல். 1894 செப்டம்பர்ல இதை இழுத்துட்டுப் போன ஸ்டீமரோட இன்ஜின் நடுராத்திரி நின்னு போச்சு, கயித்தை அறுத்து விட்டதும் இது காத்துல தடுமாறி ஓஹியோன்னு வேற ஒரு கப்பல் மேல மோதிடுச்சு. ஓஹியோ ஆளுங்க எல்லாரும் தப்பிச்சாங்க. அயர்ன்டன்ல இருந்த 7 பேரும் லைஃப் போட்ல ஏறியாச்சு, ஆனா போட்டைக் கப்பலோட கட்டியிருந்த கயித்தை யாரும் அவுக்கல, கப்பல் போட்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிடுச்சு, 5 பேர் செத்தாங்க. ரெண்டு பேர் மிதந்த சாமானைப் பிடிச்சுப் பொழைச்சு வந்து இதைச் சொன்னாங்க. 2019ல கப்பல் கிடைச்சுது, அப்புறம் கேமரா இறக்கினப்போ மூணு பாய்மரமும் நட்டுக்க நிக்குது, பின்னாடி அந்த லைஃப் போட் இன்னமும் அதே கயித்துல கட்டியே கிடக்கு. 125 வருஷம் ஒரு முடிச்சு அவுறாம இருந்திருக்கு. உப்புக் கடலா இருந்தா மரத்தைக் குடையுற புழு எப்பவோ தின்னு தீத்திருக்கும், இங்க நல்ல தண்ணி, அடியில ஃபிரிட்ஜ் கணக்கா குளிர்.

உங்க பொருள் சிப்பி மூடிக் கிடந்தாலும் ஆச்சரியப்படாதீங்க, ஹ்யூரான்ல குவாகா சிப்பிங்க எல்லாத்து மேலயும் அப்பிக்கும், சோனார்ல ஓரம் கொசகொசன்னு தெரியுறது அதனாலயும் இருக்கலாம்.

யார்கிட்ட சொல்றதுன்னா நேரா அல்பீனா சரணாலய ஆபீஸ்ல சொல்லுங்க, மாநில நீரடித் தொல்லியல் அதிகாரியும் அல்பீனாவுலதான் உட்காந்திருக்கார். ஆழம், அளவு, ரெக்கார்டிங், போன தேதி, இது போதும். பேரு கண்டுபிடிக்கிறது அவங்க வேலை, நீளம், அகலம், பாய்மரம் எத்தனை, இன்ஜின் எந்த மாதிரின்னு பாத்து பழைய பேப்பர், இன்சூரன்ஸ் ரெக்கார்டோட ஒத்துப் பாப்பாங்க, ஒரே பருவத்துல முடியுற வேலை இல்ல. அதுவரைக்கும் இடத்தோட ஜிபிஎஸ் நம்பரை வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க, போட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு பேர் சுத்தியலோட போய் நிப்பான். அதோட சில கப்பல்ல செத்தவங்க உடம்பு மிச்சம் இருக்கலாம், அது யாரோ ஒருத்தர் வீட்டு ஆளு.

டைவ் விஷயம். நீங்க டைவிங் சர்டிஃபிகேட் பத்தி ஒண்ணும் சொல்லல, இல்லேன்னா 90 அடியை நினைச்சுக்கூடப் பாக்காதீங்க. இருந்தாலும் வெதுவெதுப்பான கடல்ல கத்துக்கிட்டது இங்க பத்தாது, உடம்புல தண்ணி படாத டிரை சூட்டும், குளிர் தண்ணியில உறைஞ்சு மாட்டிக்காத ரெகுலேட்டரும் (சிலிண்டர்ல இருந்து மூச்சுக் காத்து தர்றது) வேணும், அந்த ஊர் டைவ் கடைக்காரங்க கூட போங்க.

காத்து அடங்கின ஒரு நாள் பாத்து அந்தக் குறுக்கு லைனை ஓட்டிட்டு ரெக்கார்டிங்கை எனக்கும் ஒண்ணு அனுப்பி வைங்க, பாத்துச் சொல்றேன். அங்க போறப்போ மேல நின்னுட்டு ஆங்கரை மட்டும் போட்டுடாதீங்க.