இரண்டு மணி நேரம்

அன்புள்ள சார்,

எனக்கு வயது 43. திருச்செங்கோடு பக்கம் தறிப்பட்டறை வைத்திருந்தேன். நான்கு வருடத்துக்கு முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அம்மா இல்லை. நானும் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம். எட்டுத் தறியில் ஆறை விற்றாகிவிட்டது.

பார்க்க வருகிற எல்லோரும் “இந்தக் காலத்துல இப்படி ஒரு மகனா, உங்கப்பா கொடுத்து வச்சவர்” என்கிறார்கள். போன மாதம் ஒரு ராத்திரி மூன்றாவது முறையாகத் துணி மாற்றும்போது அவர் இடது கையால் என்னைத் தள்ளினார். அந்தக் கையை ஓங்கி அடித்துவிட்டேன். அப்பா அழுதார். இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று அப்போது தோன்றியது. அன்றிலிருந்து யாராவது பாராட்டினால் காது கூசுகிறது. நான் வேஷம் போடுகிறேனா சார்?

பெயர் போட வேண்டாம்.

ர.

அன்புள்ள ர.,

அடித்தது தப்பு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்கிற மற்ற எதுவும் உங்கள் காதில் ஏறாது. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்கவில்லை என்றால் இன்றைக்கே கேளுங்கள். பேச்சு போனவருக்குப் புரிவதும் போய்விட்டது என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். பல பேருக்கு நாம் சொல்வது ஓரளவாவது போய்ச் சேரும், பதில்தான் வாய்க்கு வராது. என் அப்பாவும் அப்படித்தான் ஐந்து வருடம் கிடந்தார். என் பெயர் வராது. ஆனால் “முருகா” வரும். என்னைத் திட்டும் கெட்ட வார்த்தை எழுத்துப் பிசகாமல் வரும்! பழகித் தேய்ந்த சொற்கள் இப்படித் தப்பிப் பிழைப்பதுண்டு.

போய்ச் சேர்ந்தால் தேவலை என்று நானும் நினைத்திருக்கிறேன். ஒரு முறை அல்ல. அந்த நினைப்பைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் அடியில் தூக்கம்தான் இருந்தது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும் என்றார்கள். பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று போனில் அலாரம். அந்த அலாரச் சத்தத்தை இப்போது பஸ்ஸில் யார் போனிலாவது கேட்டால்கூட எனக்குக் கை தானாக எழும்புகிறது. ஏர் பெட் வாங்கிய பிறகும் புரட்டுவது நிற்காது, தெரியும்தானே.

சந்தோஷமே இல்லையா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எனக்குப் பத்து வயதுக்கு மேல் அப்பாவைத் தொட்ட ஞாபகமே கிடையாது. நம் வீடுகளில் அப்படித்தானே. முதல் தடவை அவருக்குச் சவரம் செய்தபோது, பிளேடு கன்னத்துக்கு வந்ததும் பழைய பழக்கத்தில் கன்னத்தை உப்பிக் கொடுக்கப் பார்த்தார். வலது வாயோரமாகக் காற்று புஸ்ஸென்று போய்விட்டது. மறுபடி உப்பினார். மறுபடி புஸ். மூன்றாவது தடவை நுரை என் மூக்கில் தெறித்தது, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் நானும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது அதற்கு முன் எப்போது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை.

சரி, பாராட்டு. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்து கால் மணி நேரம் உட்கார்ந்து “கொடுத்து வச்சவர்” என்பவர்களிடம் நான் ஒரு கட்டத்தில் கேட்க ஆரம்பித்தேன்: “ஞாயித்துக்கிழமை நாலுல இருந்து ஆறு வரைக்கும் வந்து இவர்கூட இருக்க முடியுமா?” பதினோரு பேரைக் கேட்டிருப்பேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அப்பாவிடம் கடன் வாங்கித் திருப்பித் தராத டீக்கடைக்காரர். பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், அப்பா மரண அறிவிப்புகளை மட்டும் கவனமாகக் கேட்பார். நான் அந்த இரண்டு மணி நேரமும் மாடியில் செத்தவன் மாதிரித் தூங்குவேன். நீங்களும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கேரளத்தில் இதை ஊர் வேலையாகவே ஆக்கிவிட்டார்கள். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் சில மருத்துவர்கள் வலி நிவாரணத்துக்காகத் தொடங்கிய முயற்சி, பிறகு மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தாரின் கைக்குப் போனது. பயிற்சி எடுத்த சாதாரண ஜனங்கள் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு முறை வைத்துப் போகிறார்கள். 2008இல் அரசே இதற்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. நம் பக்கம் 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் நோய் ஆதரவு செவிலியரும் வீட்டுக்கு வர ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைச் சொல்லி வையுங்கள். மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துவிட்டீர்களா? பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம். டயாபர் செலவுக்கே பற்றாது, இருந்தாலும் விட வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் மனைவி இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வருகிறார். “இப்படி ஒரு மகனா” என்றவர்களில் ஒருத்தராவது “இப்படி ஒரு மருமகளா” என்றார்களா? என் வீட்டில் யாரும் சொல்லவில்லை, நானும் வெகுநாள் சொல்லவில்லை. அப்பாவைத் தூக்கித் தூக்கி என் மனைவிக்கு வந்த இடுப்பு வலி இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்து உட்கார்ந்தால், முதல் வாரத் தூக்கத்தை உங்கள் மனைவிக்குக் கொடுத்துவிடுங்கள்.

வேஷமா என்று கேட்டீர்கள். ஆறு தறியை விற்று யாரும் வேஷம் போட மாட்டார்கள்.

அப்புறம், அன்றைக்கு உங்கள் அப்பா ஏன் தள்ளினார் என்று யோசித்தீர்களா? ராத்திரி மூன்று மணி, நல்ல தூக்கம், திடீரென்று ஜில்லென்ற இரண்டு கைகள் இடுப்புக்குக் கீழே. அவர் சொன்னபடி கேட்கிற ஒரே கை அந்த இடது கைதான், தள்ளிவிட்டார். முதலில் லைட்டைப் போட்டு “அப்பா, துணி மாத்தப் போறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். தொடுவதற்கு முன்னால் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எனக்கு இது தெரிய ஒன்றரை வருடம் ஆயிற்று.